நடிகரின் நூலும் வாசகரின் வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய உறவினர் ஒருவர், தம் பயணப் பையிலிருந்து ஊறுகாய்ப் புட்டியையும் ஒரு புத்தகத்தையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். ஊறுகாய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. புத்தகம் இன்னும் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்களின் ‘எனது சுயசரிதை’. அந்த நூலும் அதைத் தொடர்ந்து வந்து சேர்ந்த அதன் இனத்து நூல்களும் எங்களிடையே எழுப்பிய வாதங்களை எண்ணிப் பார்த்தபோது, நடிகர் எழுதும் நூலை நாம் மற்ற நூல்களைப் படிப்பதுபோல் படிப்பதில்லை என்பது எனக்குப் புலனாயிற்று. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஹைதராபாத்தில் ஹப்சிகுடா என்னும் பகுதி. ‘ஹப்ஷி’ என்றால் அபிசீனிய நாட்டவர். நிஜாம் காலத்தில் படைப்பணிக்கென ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த இடம் ஆகையால் இப்பெயர் வந்தது என்பர். ஆக, வெளியூரார் வந்து குடியேறுவது இவ்விடத்திற்குப் புதிதன்று. பின்னாளில் உப்பல் சாலையை ஒட்டித் தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் பல எழுந்தன. அவற்றில் பணிபுரிய வந்தவர்களும், செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1966-ல் தோன்றிய தென் மத்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் சில இங்கே நிலைத்துவிட்டன. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, யாரேனும் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். சங்கம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் யார், செயலாளர் யார் என்ற கேள்வி வந்துவிடும். தேநீரும் உஸ்மானியா பிஸ்கத்தும் வரும். கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரு பகுதியை ஒருவர் உரக்கப் படிப்பார். உரக்கப் படிப்பதற்குக் காரணமும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அவர்களின் ‘என் சரித்திரம்’ தமிழின் தலைசிறந்த தன்வரலாறு என்பதில் ஐயமில்லை. அதைப் படிப்பவர், ஐயரவர்கள் எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்பதை அந்த நூலிலிருந்தே அறிந்துகொள்கிறார். நடிகரின் நூலில் நிலைமை தலைகீழ். புத்தகத்தைத் திறக்குமுன்பே நமக்கு அவருடைய முகம் தெரியும். குரல் தெரியும். கோபம் வந்தால் அவருடைய புருவம் எப்படி உயரும் என்பதும் தெரியும். சொல்லப்போனால், நம் வீட்டாரைவிட அவரை நாம் உற்றுப் பார்த்திருக்கிறோம். ஆகவே, ஏற்கெனவே அறிந்த ஒருவரைப் பற்றி மேலும் ஒன்றைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணத்துடன் வாசகர் வந்து அமர்கிறார். நூல் அந்த எண்ணத்திற்கு இணங்காவிட்டால் வருத்தப்படுகிறார்; சில வேளை சினம் கொள்கிறார்.

எங்கள் குழுவின் மூத்தவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எண்பதைக் கடந்தவர். ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தையும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னின் வரி கேட்கும் காட்சியையும் மூச்சு விடாமல் ஒப்பிக்க வல்லவர். சிவாஜியின் சுயசரிதையை முதலில் அவரிடமே கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். முகத்தில் நிறைவு இல்லை. “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கணேசன் பேசுவதுபோல் இல்லையே” என்றார்.

அந்த நூல் சிவாஜி அவர்கள் 2001-ல் மறைந்தபின், 2002-ல் வெளிவந்தது. மருத்துவர் டி.எஸ். நாராயணசாமி அவர்கள் அவரிடம் கேட்டுத் தொகுத்தது. வீட்டில் சாய்ந்து அமர்ந்து நிதானமாகப் பேசும் ஒரு முதியவரின் குரல்தான் அதில் கேட்கும். மூத்தவர் எதிர்பார்த்ததோ மேடை அதிரும் குரல். இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ‘பராசக்தி’யின் வசனங்களை எழுதியவர் மு. கருணாநிதி. கட்டபொம்மனின் வசனங்களை எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. நாம் ‘சிவாஜியின் பேச்சு’ என்று நெஞ்சில் வைத்திருப்பது பிறர் எழுதிக் கொடுத்து அவர் உயிரூட்டிய பேச்சு. அவருடைய சொந்தப் பேச்சை நாம் கேட்டதே இல்லை. கேட்கக் கிடைத்தபோது, இது அவர் பேச்சன்று என்று புறக்கணிக்கிறோம்! இதை நான் மூத்தவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அப்படியானால் நான் அறுபது வருஷமாக யாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?” என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

அதே நூல் 2007-ல் ஆங்கிலத்திலும் வந்தது. மூத்தவரின் பேரன் அதை வாங்கிப் படித்தான். பொறியியல் படித்து இந்நகரிலேயே கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் இளைஞன். தமிழ் எழுத்து அறியாதவன். பாட்டனும் பேரனும் ஒரே நூலை இரண்டு மொழிகளில் படித்துவிட்டு ஒரு ஞாயிறன்று எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த சிறுவன் கணேசனுக்கு நடிப்பின் மேல் தீராத மோகம் பிறந்ததும், பெற்றோர் இருக்கும்போதே தாம் ஓர் அநாதை என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்துகொண்டதும் பலரும் அறிந்த செய்தி. மூத்தவர் அதைக் கலையின்மேல் கொண்ட பக்திக்குச் சான்றாகப் படித்திருந்தார். பேரனோ, “தாத்தா, அந்தப் பையனுக்கு ஏழெட்டு வயதுகூடச் சரியாக இருக்காது. அநாதை என்று சொன்னால் அப்படியே சேர்த்துக்கொண்டார்களா? யாரும் விசாரிக்கவில்லையா? பிறகு எத்தனையோ வருஷம் அவன் வீட்டுக்கே போகவில்லையே, அவன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று கேட்டான்.

மாடியில் பேச்சு நின்றுவிட்டது. மூத்தவர் இக்கேள்வியை ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணாததற்கு அவருடைய அறிவுக் குறைவு காரணமன்று. அந்தக் காலத்தில் சிறுவர்கள் கம்பெனிக்குப் போவது ஊர் வழக்கம். வீட்டில் வறுமை, கம்பெனியில் சோறு, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பேரனுக்கு நடிகரின் படங்கள் பெரும்பாலும் தெரியாது. தெரியாததனாலேயே அவன் கண்ணுக்கு நடிகர் மறைந்து சிறுவன் தெரிந்தான். ரசிகர் படித்தபோது தப்பிப் போனது, ரசிகரல்லாதவர் படித்தபோது கிடைத்தது. இதன் மறுபுறமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஒரு நாடக வேஷத்தின் காரணமாகப் பெரியார் அவர்கள் வி.சி. கணேசனுக்குச் ‘சிவாஜி’ என்னும் பெயர் சூட்டிய செய்தியைப் பேரன் ஒரு நிமிஷத்தில் கடந்துவிட்டான். மூத்தவர் அப்பக்கத்தை எட்டு முறை படித்ததாகச் சொன்னார்.

பிறர் கையால் எழுதப்படுவது பற்றி நம் வாசகர்களிடம் ஒரு குறை எப்போதும் இருந்து வருகிறது. ‘அவரே எழுதியதா, எழுதிக் கொடுத்ததா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். கேட்டு எழுதிய நூல் தாழ்ந்தது என்னும் எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. எம்.ஆர். ராதா அவர்கள் சொல்ல விந்தன் எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். விந்தன் தாமே தேர்ந்த எழுத்தாளர். தொழிலாளியாக அச்சுக்கூடத்தில் நின்றவர். ராதாவின் எகத்தாளத்தைத் திருத்தி நாகரிகப்படுத்த அவர் முற்படவில்லை. காது கூர்மையாக உள்ளவர் கேட்டு எழுதினால், சொல்பவர் தாமே எழுதுவதைவிட அதிகமாகவே வெளிப்படுவார். மாறாக, இந்தி நடிகர் திலீப் குமார் 2014-ல் உதயதாரா நாயரிடம் சொல்லி வெளியிட்ட நூலில், மரியாதை என்னும் திரை எல்லாவற்றின் மேலும் விழுந்து கிடப்பதாக எனக்குத் தோன்றிற்று. பெஷாவரில் கழிந்த இளமைப் பகுதி மட்டும் பழ மணம் வீசும் பகுதி. அந்தப் பெரியவர் தம் வாழ்நாள் முழுவதும் மென்மையாகப் பேசியவர். நூலில் மட்டும் உரக்கப் பேசுவார் என்று நாம் எதிர்பார்த்தது யார் பிழையோ தெரியவில்லை.

தாமே எழுதிய பழையவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். வழக்கறிஞர், பின்பு நீதிபதி. பிழைப்புக்காக அன்றி ஆசைக்காக நடித்தவர். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் ஒப்பனையில்லை. தம்முடன் பெண் வேஷம் தரித்த ரங்கவடிவேலு என்னும் நண்பரைப் பற்றி அவர் எழுதும் இடங்களில் மட்டும் நீதிபதியின் நிதானம் தளர்கிறது. இந்நூலை மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வெளி மாநிலத்தில் புத்தகக் கடைக்கு வழியில்லாதவர்கள் அங்கே படித்துக்கொள்ளலாம்.

எம்.ஜி.ஆர். அவர்கள் 1970-களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்’ தொடரை அந்நாளில் வாரந்தோறும் படித்தவர்கள் எங்கள் குழுவில் இருவர் உண்டு. இதழ் இங்கே வந்து சேர இரண்டொரு நாள் பிந்தும். ரயில் நிலையத்துக் கடையில் காத்திருந்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். அத்தொடரின் காலத்திலேயே, 1972-ல், அவர் தனிக்கட்சி கண்டார், 1977-ல் முதலமைச்சரானார். அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி அந்தத் தொடரில் இடம்பெறவில்லை. பசியையும் தாயாரையும் பற்றிய பகுதிகளே படித்தவர்கள் நினைவில் நிற்கின்றன. பின்வந்த அரசியலைப் பற்றி அவர் ஏன் எழுதவில்லை என்று ஒருவரும் வருந்தக் காணேன்.

இனி, நம் தெலுங்கு நண்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வாசிப்பைக் கேட்க வருவார். ஒரு நாள் கையில் தெலுங்குப் புத்தகம் ஒன்றுடன் வந்தார். “இன்று எங்கள் பானுமதியைக் கேளுங்கள்” என்றார். “எங்கள் பானுமதி அல்லவா அவர்!” என்று எங்கள் பெண்கள் உடனே எதிர்க் குரல் கொடுத்தார்கள். பி. பானுமதி ராமகிருஷ்ணா அவர்கள் ஆந்திர நாட்டில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2005-ல் அங்கேயே மறைந்தவர். நடிகை, பாடகி, இயக்குநர், படமனை உரிமையாளர், எழுத்தாளர். 1953-ல் ‘சண்டிராணி’யைத் தெலுங்கு, தமிழ், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இயக்கியவர். ‘நாலோ நேனு’, அதாவது ‘என்னுள் நான்’, என்னும் அவருடைய தன்வரலாறு சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. அதற்கு வெகு காலம் முன்பே ‘அத்தகாரி கதலு’ என்னும் மாமியார் கதைகளால் தெலுங்கு வாசகர்களைச் சிரிக்க வைத்தவர் அவர்.

ஆசிரியர் ஒரு பத்தி படிப்பார், பின் தமக்குத் தெரிந்த தமிழில் பொருள் சொல்வார். எங்களுக்குத் தெரிந்த தெலுங்கைக் கொண்டு நாங்கள் மீதியை நிரப்பிக்கொள்வோம். நூலைவிட அம்மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்திருந்தால் நாங்கள் இந்நூலை ஒருபோதும் சந்தித்திருக்க மாட்டோம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். சென்னையிலேயே தெலுங்குப் படங்கள் உருவாகி வந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் அத்தொழில் படிப்படியாக ஹைதராபாத்துக்கு நகர்ந்தது. அந்தப் பொதுவான முற்றத்தின் நினைவு இன்று இரண்டு மொழிகளின் புத்தகங்களில் பாதி பாதியாகக் கிடக்கிறது. ஒரு பாதியை மட்டும் படிப்பவர்க்கு ‘எங்கள்’, ‘உங்கள்’ என்னும் சொற்கள் எளிதாக வாயில் வந்துவிடுகின்றன.

பானுமதி அவர்களின் நூலில் எங்கள் பெண்களுக்குப் பிடித்தது அவருடைய செருக்கு. ஆம், அச்சொல்லையே அவர்கள் ஆண்டார்கள். ஆண் நடிகர் தம் பெருமையைச் சொன்னால் நாம் தலையாட்டுகிறோம். பெண் சொன்னால் தற்பெருமை என்கிறோம் என்று, தார்நாகாவில் கல்லூரியொன்றில் பணியாற்றிய அம்மையார் ஒருவர் எங்கள் ஆண்களைப் பார்த்துச் சொன்னார். ஆண்கள் உடனே பிஸ்கத்துத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதன் தொடர்ச்சியாகவே அடுத்த மாதம் பேச்சு வேறொரு திசையில் சென்றது. மராத்தி நடிகை ஹன்சா வாட்கர் தம் வாழ்க்கையைப் பத்திரிகையாளர் அருண் சாதுவிடம் சொன்னார். அது 1970-ல் ‘சாங்க்த்யே ஐகா’ என்று நூலாயிற்று. ‘சொல்கிறேன், கேளுங்கள்’ என்பது அதன் பொருள். குடியையும் வீட்டு வன்முறையையும் தம் தவறுகளையும் மறைக்காமல் அவர் சொன்னது அந்நாளைய வாசகர்களைத் திடுக்கிடச் செய்தது. 1977-ல் ஷியாம் பெனகல் அந்நூலைத் தழுவியே ‘பூமிகா’ படத்தை எடுத்தார். பெனகல் நம் செகந்தராபாத்தின் திருமலகிரியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அப்படத்தின்மேல் ஒரு தனி உரிமை உண்டு. ஹன்சாவின் நூலில் அதிகமாகக் காயப்படுபவர் அவரே. தம்மைப் பற்றிய உண்மையைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் ஒருவர் வாழ்க்கை அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதா? 2017-ல் நவாசுதீன் சித்திக்கி தம் நினைவு நூலை வெளியிட்டார். தம்மோடு பழகிய பெண்களைப் பெயர் சொல்லி, அந்தரங்கம் உட்பட எழுதியிருந்தார். அப்பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சொல்லப்பட்டது உண்மையன்று என்றும், தம் இசைவு பெறப்படவில்லை என்றும் கூறினார்கள். நடிகர் வருத்தம் தெரிவித்து நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அச்சாகிய நூல் வாசகர் கைக்கு வருமுன்பே மறைந்தது நம் நாட்டில் அடிக்கடி நிகழும் செய்தியன்று. எங்கள் மாடியில் இது குறித்துக் கருத்து வேற்றுமை கடுமையாக இருந்தது. ‘ஒளிக்காமல் எழுதினால் பாராட்ட வேண்டாமா?’ என்றார் ஒருவர். கல்லூரி அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. “அவர் ஒளிக்காதது தம்முடையதை அல்ல, மற்றவருடையதை” என்றார். இதில் நான் அம்மையாரின் பக்கம். கண்ணதாசன் நடிகரல்லர் எனினும் திரையுலகத்தவர். தம் ‘வனவாச’த்தில் அவர் தம்மையே ‘அவன்’ என்று தள்ளி நிறுத்தி விசாரிக்கிறார். அரசியல் தோழர்களை அவர் விட்டு வைக்கவில்லை என்பதும், அதனால் மனம் நொந்தவர்கள் உண்டு என்பதும் மெய்யே. ஆயினும் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவர் அவர்தாம்.

ஒரே செய்தியைப் பற்றி இரண்டு நூல்கள் இரு விதமாகச் சொல்லும்போது வாசகர் படும் பாடு தனி. நம் வைஜயந்திமாலா அவர்கள் 2007-ல் வெளிவந்த தம் நூலில், தம்மையும் ராஜ் கபூரையும் இணைத்துப் பரவிய பேச்சு வெறும் விளம்பரம் என்று மறுத்தார். பத்தாண்டு கழித்து, 2017-ல், ராஜ் கபூரின் மகன் ரிஷி கபூர் தம் நூலில் அம்மறுப்பை ஏற்க மறுத்தார். எது உண்மை? அறிய நமக்கு வழியில்லை. அறிய வேண்டிய தேவையும் நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். எனினும் எங்கள் குழு அரை மணி நேரம் அதைத்தான் விவாதித்தது. சாட்சியும் இல்லாத, சட்டமும் இல்லாத ஒரு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமரும் சுகத்தை வாசகர் எளிதில் கைவிடுவதில்லை.

உலகெங்கும் இப்படித்தான். சார்லி சாப்ளின் 1964-ல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். லண்டனின் ஏழைக் குடியிருப்பில் கழிந்த இளமை, மேடையில் தாயாரின் குரல் தடுமாற ஐந்து வயதுச் சிறுவன் அவருக்குப் பதிலாக நின்று பாடியது, தாயாரின் மனநோய், அநாதை விடுதி — இவற்றைப் படித்தவர் எவரும் மறவார். பிற்பகுதியில் பிரபுக்களும் பிரதமர்களும் விருந்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். தம்மோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த துணைவர்களில் பலரை அவர் பெயர்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று அந்நாளிலேயே குறை கூறினார்கள். நடிகர்களின் நூல்களில் இளமைப் பகுதியே ஏன் சிறந்து விளங்குகிறது? புகழ் வந்தபின் நடந்தவற்றை அவர்கள் பேட்டிகளில் நூறு முறை சொல்லிச் சொல்லி, அச்சொற்கள் தேய்ந்து போகின்றன. புகழுக்கு முந்திய நாள்களைப் பற்றி அவர்களை யாரும் கேட்டதில்லை. கேட்கப்படாதது புதிதாகவே உள்ளே கிடக்கிறது. இது என் ஊகம். ஆனால் மேற்சொன்ன நூல்களில் பெரும்பாலானவை இதற்கு மாறாக இல்லை.

பெயர் சொல்லாமல் விடுவது என்றேன். அதைப் பற்றியே இன்னும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

அவ்வை தி.க. சண்முகம் அவர்களின் ‘எனது நாடக வாழ்க்கை’ 1972-ல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. ‘அவ்வை சண்முகி’ என்னும் 1996-ஆம் ஆண்டுப் படத்தைத் தெரியும்; அப்பெயர் யாரை எண்ணி வைத்தது என்பது தெரியாது. சிறுவர் கமல்ஹாசன் நாடகப் பயிற்சி பெற்றது சண்முகம் அவர்களிடம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபாவில் ஆறு வயதில் சேர்ந்தவர் சண்முகம். அவருக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த வரலாறு புகழ்பெற்றது. 1922-ல் சுவாமிகள் மறைந்தார். 1925-ல் சண்முகம் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதில் சேர்ந்து வளர்ந்தவர். தம் உடன் நடித்தவர்களைப் பெயர் பெயராக நினைவு வைத்துச் சொல்வது இந்நூலின் தனிச்சிறப்பு. பொழுதுபோக்குக்காகப் படிப்பவர்க்கு இப்பெயர்ப் பெருக்கம் சலிப்பூட்டும். நானும் சில பக்கங்களைத் தாண்டியதுண்டு.

இந்நூலை எங்கள் குழுவில் ஓர் அம்மையார் கேட்டு வாங்கிப் போனார். வழக்கமாக அவர் அதிகம் பேசாதவர். சமையலறையில் தேநீருக்கு உதவிவிட்டுக் கடைசி வரிசையில் அமர்பவர். மூன்று மாதம் ஆகியும் நூல் திரும்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே கொண்டுவந்து, தாம் அதில் தேடியது இன்னது என்று சொன்னார்.

அவருடைய தாய்வழிப் பாட்டனார் சிறுவயதில் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியில் இருந்தவராம். எந்தக் கம்பெனி என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பின்னாளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக் காலம் கழித்தார். வீட்டில் கல்யாணமோ கார்த்திகையோ, யார் எவ்வளவு வேண்டினாலும் பாட மாட்டார். நல்ல சாரீரமாம். ஒருமுறை கூடப் பாடிக் கேட்டதில்லை என்று அம்மையாரின் தாயார் சொல்லிச் சொல்லிக் குறைப்படுவாராம். பிடிவாதக்காரர், மனைவி மக்கள் ஆசையை மதிக்காதவர் என்றே குடும்பத்தில் அவருக்குப் பெயர். சண்முகம் அவர்களின் நூலில் பாட்டனாரின் பெயர் எங்கேனும் வருமா என்று அம்மையார் ஒவ்வொரு பக்கமாகத் தேடியிருக்கிறார். பெயர் வரவில்லை.

பெயர் வரவில்லை, ஆனால் ஒரு சொல் கிடைத்தது. மகரக்கட்டு. சிறுவர்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச சுருதியில் பாடுவதுதான் சிறுவர் கம்பெனியின் உயிர். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எல்லாம் சிறுவர்களே. குரல் உடைந்த அன்றிலிருந்து வேஷம் வேறொருவனுக்குப் போகும். நேற்றுவரை பாட்டுக்குக் கைதட்டல் வாங்கிய பிள்ளை, இன்று சேவகன் வேஷம் போட்டு ஓரமாக நிற்பான். அல்லது திரை இழுப்பான். அல்லது வீடு திரும்புவான். சிலருக்குக் குரல் மீண்டு வந்தது. மீளாமலே போனவர்களும் உண்டு. சண்முகம் அவர்களைப் போன்ற ஒருசிலர் அப்பருவத்தைக் கடந்து பெரிய நடிகரானார்கள். நூல் எழுதும் வாய்ப்பு அவர்களுக்கே கிடைத்தது.

“தாத்தா பிடிவாதத்தால் பாடாமல் இருக்கவில்லை” என்றார் அம்மையார். அவ்வளவுதான் சொன்னார். தம் தாயார் உயிரோடு இருந்தபோது இந்நூல் கையில் கிடைக்கவில்லையே என்று பிறகு எங்கள் வீட்டில் தனியாகச் சொன்னாராம்.

பாட்டனாருக்கு உண்மையில் நேர்ந்தது அதுதானா என்பதற்குச் சான்று இல்லை. அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார், எதனால் விலகினார் என்பதைச் சொல்ல இன்று எவரும் இல்லை. அம்மையாரும் அதை அறிவார். பெரியதொரு நடிகரின் சுயசரிதையில் பெயரற்ற தம் பாட்டனாரின் ஒரு பக்கத்தை அவர் படித்துக்கொண்டார். நூலாசிரியர் அந்த நோக்கத்துடன் எழுதியிருக்க மாட்டார். நான் சலித்துத் தாண்டிய பக்கங்களில்தான் அவர் அதைத் தேடினார் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பக்கங்களைத் திரும்பப் படித்தேன். அறியாத ஊர்கள், அறியாத பிள்ளைகள். இம்முறை ஒன்றையும் தாண்டவில்லை.

எங்கள் மூத்தவர் இப்போது சிவாஜியின் நூலை மறுபடி கேட்டிருக்கிறார். பேரன் கேட்ட கேள்விக்கு அதில் எங்கேனும் விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கண் மங்கிவிட்டதால் பேரனே படித்துக் காட்ட வேண்டும். பேரனுக்கோ தமிழ் எழுத்து வராது. ஆகவே ஆங்கில நூலைப் பேரன் வரி வரியாகத் தமிழில் சொல்ல, மூத்தவர் இடையிடையே நிறுத்தி, “கணேசன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், இப்படித்தான் சொல்லியிருப்பான்” என்று திருத்திக்கொண்டிருக்கிறார். வரும் மாதம் எதிர்வீட்டு ஆசிரியரின் முறை. கும்மடி வெங்கடேஸ்வர ராவ் அவர்களின் ‘தீபி குருதுலு சேது ஞாபகாலு’ நூலைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இனிப்பும் கசப்புமான நினைவுகள் என்று அதற்குப் பொருளாம். எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். சிறுவயதிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.